மூடிய குட்டி யானைக்கு வாடகை பிடிப்பது எப்படி?

காவிரிப் படுகையில் கன்டெய்னர் பாடி (மூடிய கூண்டு) கட்டிய குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) ஒன்றைச் சொந்தமாக வாங்கி, தானே ஓட்டிப் பிழைக்க நினைப்பவர், நெல் மூட்டைக்காகக் கொள்முதல் நிலைய வாசலிலோ செங்கல்லுக்காகச் சூளையிலோ காத்திருப்பதில் பயனில்லை. அவை திறந்த வண்டிக்கு உரிய சரக்குகள். நனையக் கூடாத, கீறல் விழக் கூடாத, பூட்டிக் கொண்டு போக வேண்டிய சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மூடிய வண்டிக்கு வேலை உண்டு.

அப்படிப்பட்ட சரக்குக்கு இங்கே குறைவில்லை. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகள், திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் மரச்சாமான் கடைகள் ஆகியவற்றோடு, சோப்பு, பிஸ்கட், மருந்து முதலியவற்றை ஊர் ஊராக அனுப்பும் ஏஜென்சிகளும் இருக்கின்றன. என் கணிப்பில் டியூ (வண்டிக் கடன் தவணை) கட்ட உதவுவது ஏஜென்சி வேலைதான்; மற்றவை மேல்வரும்படி. ஏஜென்சியில் காலை நேரத்தில் லோடு ஏற்றும் பரபரப்பில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பதால், மதியத்துக்கு மேல் சென்று, முதலாளியை மட்டுமல்லாமல் குடோன் பொறுப்பாளரையும் பார்த்து எண்ணைக் கொடுங்கள். வழக்கமான வண்டிக்காரர் வராத நாளில் ஆள் தேடுபவர் அவர்தான். அந்த ஒரு நாளில் பெட்டிகளை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, கையெழுத்திட்ட பில்லைக் குறையின்றித் திருப்பித் தருபவரை மறுமுறையும் கூப்பிடுவார்கள்.

தையிலிருந்து வைகாசி வரை, பங்குனியில் சற்றே மந்தமானாலும், சீர்வரிசையும் வீடு மாற்றலும் கைகொடுக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இவை பெரும்பாலும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் தார்ப்பாய் கட்டிய வண்டியைவிட உங்கள் வண்டிக்கு மதிப்புக் கூடும் என்பதால், புரட்டாசியிலேயே கூண்டுக்குள் நின்று கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடங்களையெல்லாம் மழைக்கு முன் அடைத்துவிட வேண்டும்.

வாடகை பேசும்போது தூரத்தை மட்டும் பார்த்தால் நட்டம் வரும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர் என்றாலும், ரிட்டர்ன் லோடு இல்லாவிட்டால் 80 கிலோமீட்டருக்கான டீசல் உங்கள் கணக்கில்தான் ஏறும். டியூ, இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) ஆகியவற்றின் மாதச் செலவை 30 நாளுக்கு வகுக்காமல், வண்டி உண்மையில் ஓடக்கூடிய 20 நாளுக்கு வகுத்து, அதன்மேல் டீசலையும் உங்கள் கூலியையும் வைத்துச் சொல்லுங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி யாருடையது, எத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்புக் கட்டணம் என்பவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. கூண்டின் உள்ளளவை ஒருமுறை அளந்து மனப்பாடமாக வைத்திருங்கள். ஆறரை அடி பீரோ நிமிர்ந்து நிற்குமா என்ற கேள்வி எப்படியும் வரும்.

தாள்களைப் பொறுத்தவரை, மஞ்சள் எண் பலகை, எஃப்.சி., இன்சூரன்ஸ் ஆகியவை கட்டாயம். சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது. இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு), தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வேண்டும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், நாகப்பட்டினத்திலிருந்து அங்கே இறக்கும் சரக்குக்கு 50,000 ரூபாயே வரம்பு.

சீர் சாமானோடு உறவினர் நாலு பேரும் கூண்டுக்குள் ஏறிக்கொள்ளக் கேட்பார்கள். விபத்து நேர்ந்தால் சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ் அவர்களுக்குக் கைகொடுக்காது. கூண்டுக்குள் காற்றும் இருக்காது. அவர்களைப் பேருந்தில் வரச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.