டெக்கார்ட்டைப் படிக்கும்போது பழைய சொற்களைப் பிடிப்பது எப்படி

பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் ‘தியானங்கள்’ 1641இல் வந்த நூல். அதன் மூன்றாம் தியானத்தில் நான் பல வாரங்கள் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கருத்தின் ‘அப்ஜெக்டிவ் ரியாலிட்டி’ என்று வரும் இடமெல்லாம் ஓரத்தில் ‘புறவய உண்மை’ என்று குறித்துவைத்திருந்தேன். தப்பு அங்கேதான். ஸ்கொலாஸ்டிக் வழக்கில், அதாவது இடைக்காலக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த தத்துவ மரபில், பொருளே வேறு: சூரியன் வானத்தில் இருப்பது ‘ஃபார்மல்’ இருப்பு, நான் நினைக்கும்போது அதே சூரியன் என் எண்ணத்தில் இருப்பது ‘அப்ஜெக்டிவ்’ இருப்பு. இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிர்.

அதனால் பழகிய சொற்களை முதலில் சந்தேகப்படுங்கள். தெரியாத லத்தீன் சொல் என்றால் எப்படியும் தேடிப் பார்த்துவிடுவோம். காரணம், வடிவம், வேறுபாடு மாதிரி தெரிந்த சொற்கள்தான் கையை விட்டு நழுவும். அவற்றை ஒரு நோட்டில் தனியாக எழுதுங்கள்.

அடுத்து நேராக அந்த மரபின் பெரிய ஆளான அக்வினாஸுக்குப் போகாதீர்கள். அது ரொம்பச் சுற்றுவழி. நூலோடு சேர்ந்தே அச்சான, மற்றவர்களின் ஆட்சேபங்களையும் டெக்கார்ட்டின் பதில்களையும் படியுங்கள். முதல் ஆட்சேபம் கேட்டரஸ் என்ற டச்சுப் பாதிரியாருடையது. எண்ணத்தில் மட்டும் இருக்கும் இருப்புக்குக் காரணம் எதற்கு என்று கேட்கிறார். நுணுக்கமான ஓர் இயந்திரம் ஒருவர் மனத்தில் தோன்றினால், அந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தானே வேண்டும் என்கிறார் டெக்கார்ட். பழைய சொல் புது வேலைக்குப் போவதை இந்த இடத்தில் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இந்த நூலிலேயே மிகப் பிடித்த பக்கங்கள் இவை.

அப்புறம் சுவாரெஸ், ஸ்பானிய ஜெசூயிட் தத்துவவாதி. 1597இல் வந்த அவருடைய ‘மெட்டாஃபிசிக்கல் விவாதங்கள்’ மொத்தம் 54. முழுக்க வேண்டாம், வேறுபாடுகள் பற்றிய ஏழாவது போதும். அதை டெக்கார்ட்டின் ‘கோட்பாடுகள்’ (1644) முதல் பாகத்தில் 60 முதல் 62 வரையுள்ள பகுதிகளோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்க முடியுமா என்ற சோதனை இரண்டிலும் உண்டு. ஆனால் சுவாரெஸுக்கு ஆன்மா உடலின் வடிவம், அதாவது உடலை உயிருள்ள உடலாக்குவது (வெளித்தோற்றம் அல்ல). டெக்கார்ட்டிடம் மனமும் உடலும் தனித்தனியே நிறைவான இரண்டு பொருள்கள்.

சொல் ஒத்துப்போனாலே கடன் என்று எழுதிவிடாதீர்கள். டெக்கார்ட் படித்த லா ஃப்ளெஷ் ஜெசூயிட் கல்லூரியின் மாணவர் எவருக்கும் அந்தச் சொற்கள் பழக்கம்தான். டெக்கார்ட்டே பெயர் சொல்லும் இடம் இருந்தால் அதை முதலில் எடுங்கள்: நான்காம் ஆட்சேபத்தை எழுதிய ஆர்னோவுக்குத் தந்த பதிலில் சுவாரெஸைச் சுட்டுகிறார். இது பழகிய பிறகு ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1686இல் எழுதிய ‘மெட்டாஃபிசிக்ஸ் பற்றிய சொற்பொழிவு’ நூலை எடுங்கள். டெக்கார்ட் ஒதுக்கிய அந்த ‘வடிவங்களை’ லைப்னிட்ஸ் அதே பெயரிலேயே திரும்ப அழைக்கிறார்.