மீதியான துணிக்கைகளிலிருந்து தொடங்குவோம்: படைப்பைப் பேணும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

ஐயாயிரம் பேர் புசித்துத் திருப்தியடைந்த பின்பு, "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று இயேசு தம் சீஷர்களிடம் சொன்னதை யோவான் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஐந்து அப்பங்களைப் பெருகச் செய்யும் வல்லமை உடையவரே மிஞ்சியதை வீணாக்கச் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிறையும்வரை சேர்க்கச் செய்தார். அதனால்தான், படைப்பைப் பேணும் வாழ்க்கையை எங்கே தொடங்குவது என்று கேட்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சமையலறையைக் காட்டுகிறேன்.

இது சிறிய விஷயமல்ல. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. உணவை எறியும்போது அதை விளைவித்த நீர், மண்ணின் வளம், உழைத்தவர்களின் வியர்வை ஆகியவற்றையும் சேர்த்தே எறிகிறோம். குப்பைமேட்டின் அடியில் காற்றுப்படாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறு ஆண்டுகளைக் கணக்கில் கொண்டால், புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலிமை வாய்ந்தது.

முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, எறிந்த ஒவ்வொன்றையும், அது ஏன் வீணானது என்பதையும் யார் எறிந்தார்களோ அவர்களே எழுதட்டும். வாரக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து வாசித்தால், தேவைக்கு மேல் வாங்கியதா, அளவுக்கு மேல் சமைத்ததா, பின்வரிசையில் மறந்துபோனதா என்பது தெளிவாகத் தெரியும். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். கண்ணுக்கு நேரான தட்டை 'முதலில் உண்ண வேண்டியவை' என்று ஒதுக்குங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். வாரத்தில் ஒரு வேளை உணவை மிஞ்சியவற்றைக் கொண்டே அமையுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சிக்கனத்தின் பெயரால் கெட்டுப்போனதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது நல்ல உக்கிராணத்துவம், அதாவது தேவன் ஒப்படைத்ததைப் பொறுப்போடு பேணுவது, ஆகாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தோலும் காம்பும் முட்டை ஓடும் மிஞ்சத்தான் செய்யும். அவற்றை மீண்டும் மண்ணாக்க, அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட, மூடியுள்ள ஒரு பழைய வாளி போதும். அடியில் காய்ந்த இலைகளையோ கிழித்த அட்டைத் துண்டுகளையோ நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பிக்கொள்ளுங்கள். அன்றாடம் ஒரு பங்கு காய்கறிக் கழிவு போட்டால், அதன்மேல் இரண்டு அல்லது மூன்று பங்கு காய்ந்த பொருளைப் போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை அடிவரை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்து அழுத்தினால் பிழிந்த துணியைப் போல ஈரம் தெரிய வேண்டுமேயன்றி நீர் சொட்டக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைக் கூட்டிக் கிளறினால் ஓரிரு நாளில் சரியாகும். மாதக்கணக்கில் ஒன்றும் மட்காமல் கிடந்தால் ஈரம் போதவில்லை. இறைச்சி, எலும்பு, பால்பொருள், எண்ணெய் ஆகியவை பூச்சிகளையும் எலிகளையும் வரவழைக்கும் என்பதால் வாளிக்குள் போகக் கூடாது. சில மாதங்களில் கருமையும் மண்வாசனையும் கொண்ட உரம் கிடைக்கும். "நீ மண்ணாயிருக்கிறாய்" என்ற ஆதியாகம வசனத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றிப் பலரும் அறிந்ததே ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். சொட்டும் குழாயை அன்றே பழுதுபாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வீணாகிறது. பழைய இழை பல்பு 60 வாட்டில் தரும் வெளிச்சத்தை எல்இடி விளக்கு ஏறத்தாழ 9 வாட்டில் தருகிறது. துணிகளைச் சூடாக்காத தண்ணீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இவற்றைவிட ஆழமான மாற்றம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். நான்காம் கட்டளையாக நாம் மனப்பாடம் செய்யும் பகுதி, வீட்டாரோடு வேலைக்காரரும் மிருகஜீவன்களும் இளைப்பாற வேண்டும் என்கிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரமோ ஏழாம் வருஷத்தில் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கிறது. ஆகவே ஞாயிறன்று எதையும் வாங்காத நாளாக ஒரு குடும்பம் தீர்மானித்துப் பார்க்கலாம். கடைக்குப் போவதில்லை, கைப்பேசியில் பொருள்களைத் தேடுவதில்லை. வேண்டியவற்றைச் சனிக்கிழமையே ஆயத்தம் செய்துகொண்டு, ஆராதனைக்கு நடந்தோ அயலாரோடு ஒரே வண்டியிலோ போகலாம். ஒரு வாரம் கழித்து வாங்கலாம் என்று தள்ளிவைத்த பொருள்களில் பல, தேவையே இல்லாதவை என்று அதற்குள் புரிந்துவிடும். அப்படி மிஞ்சும் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து ஏழைகளுக்குக் கொடுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடச் சொன்ன கட்டளைக்கு, நிலமில்லாத குடும்பங்கள் கீழ்ப்படியக்கூடிய வழிகளில் இதுவும் ஒன்று. ஞாயிறன்று மருத்துவமனையிலோ பேருந்திலோ வேலை செய்ய வேண்டியவர்கள் வேறொரு நாளைத் தெரிந்துகொள்ளட்டும். இதை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தும் பாரமாக்கிவிடக் கூடாது.

தவக்காலத்தின் நாற்பது நாட்களும் புதிய பழக்கம் வேரூன்றப் போதுமான காலம். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றைக் குறைப்பது உணவில் நாம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றங்களில் ஒன்று. அசைபோடும் விலங்குகள் மீத்தேனை வெளியிடுகின்றன, மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் பெரும் நிலப்பரப்பும் தேவைப்படுகிறது. கிறிஸ்துமஸில் சென்ற ஆண்டின் அலங்காரங்களையே மீண்டும் தொங்கவிடுங்கள். பரிசுப்பொருளைச் சுற்றிய தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே நின்றால் பெரும்பாலும் வெறும் தாள், மீண்டும் விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது, மறுசுழற்சிக்கு உதவாது. மினுமினுப்புத் தூள் ஒட்டிய தாளும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்குக் குற்றவுணர்வை ஊட்டாதீர்கள், வியப்பை ஊட்டுங்கள். உலகம் அழியப்போகிறது என்று இரவில் பயந்து படுக்கும் பிள்ளை அதைப் பேணக் கற்றுக்கொள்ளாது. ஆதாம் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பேரிட்டதுபோல, வீட்டைச் சுற்றியுள்ள மரங்களின் பெயர்களையும் பறவைகளின் பெயர்களையும் கற்றுக்கொடுங்கள். குடும்ப ஜெபத்தில் 104-ஆம் சங்கீதத்தை வாசித்து, அன்றைக்குப் பார்த்த ஓர் உயிரினத்துக்காக ஒவ்வொருவரும் நன்றி சொல்லட்டும்.

சபையிலும் இதைப் பேச ஏற்ற காலம் உண்டு. செப்டம்பர் 1-ஆம் தேதியைப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக 1989-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமை ஆயரான, கான்ஸ்டாண்டிநோபிளின் மறைமுதுவர் முதலாம் டிமிட்ரியோஸ் அறிவித்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் அதைக் கத்தோலிக்கருக்கும் உரியதாக்கினார். அன்று தொடங்கி, அசிசியின் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை பல சபைகள் படைப்பின் காலத்தை அனுசரிக்கின்றன. உங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லையென்றால், போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே பேசுங்கள். வெறும் கோரிக்கையோடு போகாமல், ஐக்கிய விருந்துகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளைகளுக்குப் பதிலாகக் கழுவிப் பயன்படுத்தும் குவளைகளை வாங்கவும், விருந்து முடிந்தபின் அவற்றைக் கழுவவும் முன்வரும் இரண்டு மூன்று குடும்பங்களின் பெயர்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.