இளஞ்சோளத்தில் மாட்டை அவிழ்த்துவிடும் முன்: புதிதாக மாடு, ஆடு வளர்ப்போருக்கு

அறுத்து முடித்த சோளக்காட்டில் ஒரு மழை விழுந்தால் போதும், அடிக்கட்டையிலிருந்து பச்சைப்பசேலென்று துளிர் கிளம்பிவிடும். எங்கள் சித்தப்பா அந்தத் துளிரைப் பார்த்துத்தான் இரண்டு மாடுகளையும் அவிழ்த்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருவதற்குள் சினைமாடு விழுந்து கிடந்தது. நாற்பது வருடம் மாடு வளர்த்தவர் அவர். இளஞ்சோளம் ஆகாது என்று தெரியாமல் இல்லை. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்துவிட்டார்.

அந்தக் கொஞ்ச நேரமே ஏன் போதும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சோளப்பயிரில் துரின் என்றொரு பொருள் இருக்கிறது. பயிர் கசங்காமல் நிற்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. மாடு மென்றதும் பயிருக்குள்ளேயே தனியாக இருக்கும் நொதியோடு அது கலந்து, ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அசைபோடும் பிராணிகளின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் இதே வேலையைச் செய்வதால், பன்றி, குதிரையைவிட மாடும் ஆடும் சீக்கிரம் பாதிக்கப்படும். ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடே உயிரை எடுத்துவிடும். 300 கிலோ மாட்டுக்கு அது அரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

படி 1: என்ன பயிர் என்று கேளுங்கள்

சோளம், அதன் உறவுப்பயிரான சூடான் புல், மரவள்ளி ஆகிய மூன்றிலும் சயனைடு ஆபத்து உண்டு. கம்பில் இல்லை. சோள நாற்றும் மக்காச்சோள நாற்றும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அடுத்தவர் காட்டில் மேய்ப்பதாக இருந்தால், விதைத்தவரிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள்.

படி 2: பயிரின் வயதைப் பாருங்கள்

முழங்கால் உயரத்தில் நிற்கும் சோளம் எதுவானாலும் மாட்டுக்கு ஆகாது. நஞ்சு தண்டைவிட இலையில்தான் அதிகம். இளம்பயிரோ கிட்டத்தட்ட முழுக்க இலைதான். வளர வளரக் குறைந்துகொண்டே வரும். பாதிப் பயிராவது பூத்தபின் அறுப்பதுதான் பாதுகாப்பு. பலமுறை அறுக்கும் கோ.எஃப்.எஸ். 29 தீவனச்சோளம் போட்டிருந்தால், விதைத்த 65ஆம் நாள் முதல் அறுப்பு, பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. தீவனத் தட்டுப்பாட்டில் இந்த நாள்களைக் குறைக்காதீர்கள்.

படி 3: தண்ணீர் எப்படி இருந்தது என்று யோசியுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மழை பொய்த்து, இலை சுருண்டு, 60 நாளாகியும் முழங்கால் உயரத்திலேயே நிற்கும் பயிருக்கு மேலே சொன்ன நாள் கணக்கு செல்லாது. வயதில் முற்றியிருந்தாலும் நஞ்சில் அது இளம்பயிர்தான். அந்தப் பயிருக்கு மழை கிடைத்ததும் வெடித்துவரும் துளிரும், அறுத்த அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் மறுதாம்புத் துளிரும் இன்னும் மோசம். மழைக்குப் பிறகு பயிர் நன்றாக எழும்பி வளரும்வரை பொறுத்திருங்கள். யூரியாவை அள்ளிப் போட்ட பயிரில் சயனைடும் கூடும், நைட்ரேட்டும் கூடும். மேலுரம் போட்ட கையோடு அறுக்காதீர்கள்.

படி 4: காயவைத்துப் போடுங்கள்

“வாடிய சோளம் ஆபத்து என்கிறீர்கள், காயவைத்துப் போடு என்றும் சொல்கிறீர்களே?” என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு. வேரோடு நின்று வறட்சியில் வாடிய பயிருக்குள் நஞ்சு அப்படியே இருக்கிறது. அறுத்து, பரப்பி, வெயிலில் முழுதாகக் காய்ந்த சோளத்தட்டிலிருந்து அது பெருமளவு ஆவியாகிப் போய்விடுகிறது. எனவே அரைகுறையாக வாடியதை நம்பாதீர்கள். தட்டை வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் அடையாளம். மேகமூட்டமாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் கிடக்கட்டும்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளிக்கும் இதேதான். கிழங்கு பிடுங்கும் நாளில் இலையும் தோலும் குவிந்து கிடக்கும், ஆடுகள் ஓடிவந்து விழும். அன்றைக்கு மட்டுமாவது ஆட்டைக் கட்டிவையுங்கள். இலையை நறுக்கிக் காயவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

படி 5: பசியோடு விடாதீர்கள்

மேய்ச்சலுக்கு முன் வைக்கோலோ காய்ந்த தட்டோ வயிறு நிறையப் போடுங்கள். பசித்த மாடு அவசரமாக அள்ளித் தின்னும், நஞ்சு ஒரே நேரத்தில் ஏறிவிடும். முற்றிய பச்சைச்சோளத்தையும் முதல் வாரம் காய்ந்த தீவனத்தோடு கலந்தே பழக்குங்கள்.

படி 6: விழுந்துவிட்டால்

மூச்சு வேகமாக இழுக்கும். வாயில் நுரை தள்ளும், நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும். கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்சவ்வு பளிச்சென்று சிவந்திருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாததால் வரும் சிவப்பு அது. சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அறிகுறி தொடங்கி இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்ட மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. கூடவே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தையும் கூப்பிடுங்கள். என்ன பயிர், எவ்வளவு உயரம், எப்போது தின்றது என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நன்றாக நிற்கும் மாடுகளையும் உடனே காட்டைவிட்டு வெளியே ஓட்டுங்கள். தள்ளாடும் மாட்டின் வாயில் எண்ணெய், மோர், புளித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

மாற்று மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட்டையும் சோடியம் தயோசல்பேட்டையும் டாக்டர் நரம்பு வழியாக ஏற்றுவார். சித்தப்பாவின் இரண்டாவது மாடு அப்படித்தான் எழுந்தது. ஆனால் இதை வாங்கி வைத்து நீங்களே போட முயல வேண்டாம். யூரியா அதிகமான தீவனத்தால் வரும் நைட்ரேட் நஞ்சிலும் மாடு இப்படித்தான் மூச்சுத் திணறி விழும், ஆனால் இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அந்த மாட்டுக்கு நைட்ரைட் ஊசி போட்டால் அதுவே கொன்றுவிடும்.

டாக்டர் வருவதற்குள் அந்தப் பயிரில் ஒரு பிடி பிடுங்கிப் பையில் போட்டு இறுகக் கட்டிவையுங்கள். பிக்ரேட் தாள் வைத்துப் பார்த்தால், சயனைடு இருக்கும்போது மஞ்சள் தாள் செங்கல் நிறமாக மாறும். மாடு இறந்துபோயிருந்தால் பிரேதப் பரிசோதனை முடியும்வரை புதைக்கவோ காது வில்லையைக் கழற்றவோ வேண்டாம். காப்பீடு இருந்தால் இரண்டையும் கேட்பார்கள்.