வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் போடறவங்க லிவரை எப்படி கவனிச்சுக்கறது

அம்மாவுக்கு சரவாங்கி, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிச்ச மூணாவது மாசம் லேப்ல இருந்து வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துச்சு, எஸ்ஜிபிடிங்கற லிவர் என்சைம் 78-னு தடிச்ச எழுத்துல, பக்கத்துல மேல பாத்த மாதிரி ஒரு அம்புக்குறி. வீடே கலங்கிப்போச்சு. பெரியம்மா ஃபோன்ல "அப்பவே சொன்னேனே, அது கேன்சர் மாத்திரைடி, ஈரலை அரிச்சிரும், நிறுத்தித் தொலைங்க"ன்னாங்க. டாக்டர் ரிப்போர்ட்டை பாத்துட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மாத்திரை என்னிக்கு போட்டீங்க, ரத்தம் என்னிக்கு குடுத்தீங்கன்னு. ஞாயிறு ராத்திரி மாத்திரை, திங்கள் காலைல ரத்தம். "அடுத்த தடவை சனிக்கிழமை குடுங்க"ன்னார். ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை குடுத்தப்ப 36, டோஸ்ல ஒரு மாத்தமும் இல்ல.

விஷயம் என்னன்னா இந்த மாத்திரை போட்ட ஒண்ணு ரெண்டு நாளைக்கு லிவர் என்சைம் கொஞ்சம் ஏறி தானா இறங்கும், அந்த நேரத்துல போய் ரத்தம் குடுத்தா ரிப்போர்ட் பயமுறுத்தத்தான் செய்யும். அதனால அடுத்த டோஸுக்கு முந்தின நாளோ ரெண்டு நாள் முன்னாடியோ டெஸ்ட் குடுங்க. எல்எஃப்டிக்கு (லிவர் டெஸ்ட்) மட்டும்னா வெறும் வயிறு தேவையில்ல, சுகர் கூட சேத்து பாக்கறதாலதான் லேப்ல காலைல சாப்பிடாம வரச் சொல்றாங்க.

பெரியம்மா சொன்ன "கேன்சர் மாத்திரை" பொய் இல்ல. கேன்சருக்கு இதையே கிராம் கணக்குல கூட ஏத்துவாங்க, மூட்டுக்கும் சோரியாசிஸ்ங்கற தோல் நோய்க்கும் குடுக்கறது வாரத்துக்கு 7.5-ல இருந்து 25 மில்லிகிராம்தான், ரெண்டும் ஒரே மருந்துன்னாலும் உடம்புல பண்ற வேலை வேற. 1988-லயே அமெரிக்காவுல மூட்டுவாதத்துக்கு அனுமதி குடுத்துட்டாங்க. (இதோட பூர்வீகத்துல நம்ம ஊர் வாசனையும் இருக்கு. அப்போ மதராஸ் மாகாணத்துல இருந்த பீமவரத்துல பொறந்து மதராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்காவுல லெடர்லே கம்பெனில ஃபோலிக் ஆசிட்ங்கற பி வைட்டமினை ஆராய்ஞ்சப்ப அவரோட டீம்ல இருந்து வந்த மருந்துக் குடும்பம் இது.) ஃபோலிக் ஆசிட் வேலையை தடுக்கற மருந்து இது, அதனாலதான் கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதறாங்க. அது சத்து மாத்திரைதானேன்னு விட்டுறாதீங்க, என்சைம் ஏறறதையும் குமட்டலையும் அதுதான் குறைக்குது.

இங்கதான் பெரிய ஆபத்து, லிவரை விட பெருசு. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை, தினமும் இல்ல. மறந்துபோய் தினமும் போட்டு ரத்த அணு சரிஞ்சு, வாயெல்லாம் புண்ணாகி உயிரே போனவங்க இருக்காங்க. சில பிராண்ட்ல இதோட பேரும் ஃபோலிக் ஆசிட் பேரும் ரெண்டுமே "ஃபோ"ன்னு தொடங்கும், ரெண்டுமே குட்டி மஞ்சள் மாத்திரை, வயசானவங்க கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நாங்க பண்ணது, மெத்தோட்ரெக்சேட் அட்டை மேல மார்க்கர்ல பெருசா "ஞாயிறு"ன்னு எழுதி தனி டப்பால போட்டு பீரோல வெச்சாச்சு, ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பாட்டு மேசைல. மெடிக்கல்ல ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லிகிராம்னு பாத்து வாங்குங்க, 2.5, 5, 7.5, 10-னு பல அளவு இருக்கு, 2.5-க்கு பதிலா 10 வாங்கி பழைய கணக்குல மூணு மாத்திரைன்னு போட்டா டோஸ் நாலு மடங்கு ஆயிரும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்எஃப்டி, ரத்த அணு, கிட்னிக்கான கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ஒரு தடவை பாத்திருக்கணும், பாக்கலன்னா கூச்சப்படாம கேளுங்க. ஹெபடைடிஸ் பி உள்ளுக்குள்ள தூங்கிட்டு இருந்தா இந்த மருந்துல அது முழிச்சுக்கலாம். சுகர், தொப்பை, ஃபேட்டி லிவர் இருக்கறவங்களுக்குத்தான் ரிஸ்க் ஜாஸ்தி, ஸ்கேன்ல "கிரேடு 1 ஃபேட்டி லிவர்"னு வந்தத சாதாரணமா நினைச்சு டாக்டர்கிட்ட சொல்லாம விடறவங்க நெறைய பேர். அப்புறம் பொதுவா முதல் மூணு மாசம் ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா டெஸ்ட், அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா. டோஸ் ஏத்தினா மறுபடி அடிக்கடி பாக்கணும். நல்லாத்தானே இருக்கேன்னு வருஷக்கணக்கா டெஸ்ட்டே எடுக்காம பழைய சீட்டை காட்டி மாத்திரை மட்டும் வாங்கறது இருக்கே, அதுதான் எனக்கு பயமா இருக்கற விஷயம்.

ரிப்போர்ட் படிக்கறது எப்படின்னா, எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடிங்கற ரெண்டு லிவர் என்சைமுக்கும் லேப் போட்டிருக்கற மேல் அளவு பெரும்பாலும் 40 பக்கத்துல இருக்கும். ரெண்டு மடங்குக்கு கீழன்னா வழக்கமா மருந்தை தொடர்ந்துட்டே சில வாரத்துல திரும்ப டெஸ்ட் பாப்பாங்க. ரெண்டுக்கு மேல போனா டோஸ் குறைக்கறதோ ஒரு வாரம் தள்ளறதோ நடக்கும். மூணு மடங்கை தாண்டினா அடுத்த டோஸ் போடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஃபோன் போயிருக்கணும். இதெல்லாம் நீங்களா முடிவு பண்ண இல்ல, எப்ப அவசரம்னு தெரிஞ்சுக்க. நிறைய பேர் கவனிக்காத இன்னொரு வரி ஆல்புமின் (லிவர் தயாரிக்கற புரதம்), என்சைம் நார்மலா இருந்தும் அது காரணமே இல்லாம ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வந்தா, பிளேட்லெட்டும் கூடவே குறைஞ்சா கட்டாயம் காட்டுங்க, லிவர்ல தழும்பு விழுதான்னு ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அதனால ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வரிசையா வெச்சிருங்க.

குடி பத்தி சொல்லியே ஆகணும். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் டாக்டர்"னு சொல்ற ஆம்பளைங்களுக்கு, அதே ஞாயித்துக்கிழமைதான் மாத்திரையும் போடறீங்க! விட முடிஞ்சா விடுங்க, முடியலன்னா எவ்வளவுன்னு உண்மையையாவது டாக்டர்கிட்ட சொல்லுங்க, பொய் சொன்னா அவர் டோஸை தப்பா கணக்கு போடுவார்.

எஸ்ஜிபிடி ஏறினதும் கீழாநெல்லி அரைச்சு குடிக்கறது நம்ம வீடுகள்ல ரிஃப்ளெக்ஸ் மாதிரி. பெரியம்மாவும் கைநிறைய பறிச்சுட்டு வந்துட்டாங்க, டாக்டர்கிட்ட கேக்காம வேணாம்னு அம்மா வாங்கி ஓரமா வெச்சுட்டாங்க, கோவம் வந்துச்சுதான். கோவிட் நேரத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் குடிச்சவங்கள்ல சிலருக்கு லிவர் பாதிச்சதை மும்பை டாக்டர்கள் எழுதியிருக்காங்க, அதனால மூலிகைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு நினைக்காதீங்க. மெடிக்கல்ல தானா வாங்கற வலி மாத்திரை, லிவர் டானிக், ஜிம் பவுடர் எல்லாத்துக்கும் இதே கதைதான். யூரின் இன்ஃபெக்ஷனுக்கு கோட்ரைமாக்சசோல்ங்கற ஆன்டிபயாடிக் எழுதினா "நான் மெத்தோட்ரெக்சேட் போடறேன்"னு உடனே சொல்லுங்க, ரெண்டும் சேந்தா ரத்த அணு ஆபத்தா விழும். வாந்தி பேதி வந்து தண்ணி வத்தினாலும் அந்த வாரம் போடலாமான்னு கேட்டுட்டு போடுங்க, மருந்து கிட்னி வழியாத்தான் வெளிய போகுது.

மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலும் அசதியும் வந்தா அது லிவர் இல்ல, நிறைய பேருக்கு வர்றதுதான், ராத்திரி சாப்பிட்டு போட்டு பாருங்க. கண்ணு மஞ்சளாகறது, யூரின் கட்டங்காப்பி நிறத்துல போறது, உடம்பெல்லாம் அரிப்பு, பல நாளா பசியே இல்லாம வாந்தி, இதுல எது வந்தாலும் அடுத்த டோஸை நிறுத்தி வெச்சுட்டு அன்னிக்கே காட்டுங்க. காய்ச்சலோட வாய்ப்புண், வறட்டு இருமலோட மூச்சு வாங்கறது இதுக்கும் அதேதான், அது லிவர் சமாச்சாரம் இல்லன்னாலும் காத்திருக்க முடியாது. குழந்தை பெத்துக்க நினைக்கறவங்க மாசமாகறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடணும், கர்ப்பத்துல இந்த மருந்து கூடவே கூடாது.

அம்மா இப்ப தினசரி காலண்டர்ல ஞாயித்துக்கிழமை தாளை மட்டும் மாத்திரை போட்டப்புறம்தான் கிழிக்கறாங்க. திங்கள் காலைலயும் ஞாயிறு தாள் தொங்கிட்டு இருந்தா மாத்திரை போடலன்னு அர்த்தம், அன்னிக்கு போட்டுக்கலாம். புதன் வரைக்கும் கவனிக்கலன்னா அந்த வாரம் அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு ரெண்டா சேத்து போடறதில்ல.