நூலகத்துக்கு 5,000 ரூபாய்தானா? எங்கிருந்து தொடங்குவது

எங்களுடையது அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளி. போன வருடம் நூலகத்துக்கு நிர்வாகம் 12,000 ரூபாய் கொடுத்தது. இந்த வருடம் 5,000. உங்களுக்கும் தொகை சுருங்கி, நூலகப் பொறுப்பும் புதிதாகத் தலையில் விழுந்திருந்தால், நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பீரோவைத் திறங்கள்

கடைக்கு அப்புறம் போகலாம். வழங்கல் பதிவேட்டை எடுத்து, ஒரு வருடத்தில் எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள். எங்களிடம் முதலிடம் 16 பக்கப் பாம்புப் புத்தகம் ஒன்றுக்கு: 23 முறை. நடுத்தாள் ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்றுவிட்டது. அட்டையை யாரோ சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். மேல்தட்டில் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம், பளபளப்பு குறையாமல். பள்ளிக்கே வந்த விற்பனையாளர் ‘பாதி விலை சார்’ என்றார். வாங்கியது நான்தான்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று. அந்தக் களஞ்சியத்துக்கும் எங்கோ ஒருவர் இருப்பார். எங்கள் பள்ளியில் இல்லை.

2. பதிவேட்டில் பெயரே வராத பிள்ளைகளைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு வாரம்கூட ஒதுக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பையன், முயல்குட்டிக் கதையை மற்றவர்கள் முன்னால் கையில் எடுக்க மாட்டான். அவனுக்குச் சின்ன வாக்கியம் வேண்டும். விஷயம் மட்டும் கபடி, பேய், பைக் என்று அவன் வயதுக்கானதாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று வாசிப்புத் திறனை வைத்துப் பிரிக்கப்பட்டவை. தேர்வு செய்யும்போது அந்த நான்கு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ‘3-ஆம் வகுப்புக்கு’ என்று மட்டும் எழுதி ஒட்டிவிடாதீர்கள்.

3. தொகையைப் பிரியுங்கள்

என் கணக்கு: சிறுவர் இதழ் சந்தாவுக்கு 600, பைண்டிங்குக்கும் செலோடேப்புக்கும் 400, மீதி 4,000 புத்தகத்துக்கு. புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவு கிடைத்தால் 4,400 ரூபாய்ப் புத்தகங்கள் 3,960-க்கு வரும். சராசரி விலை 55 என்றால் 80 புத்தகம். மெல்லிசுப் புத்தகங்கள்தான், சரி. ஆனால் 80 பிள்ளைகள் ஒரே நாளில் எடுத்துப் போகலாம்.

4. கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்

ஏதாவது ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். உங்களுக்கே நாக்கு குழறினால் வைத்துவிடுங்கள். பிறகு நன்றாக விரித்துப் பாருங்கள்: பசையில் மட்டும் நிற்கும் முதுகு ‘படக்’ என்றால் ஒரு பருவம் தாங்காது. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் மாதிரி மலிவாகப் போடுகிறவர்களின் அரங்குகளை முதலில் முடியுங்கள். ரசீது தலைமையாசிரியர் பெயரில் இருக்கட்டும்.

5. காசில்லாமல் கிடைப்பது

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயருள்ள பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். கறுப்பு வெள்ளை போதும். எங்கள் மூன்றாம் வகுப்பு அதற்கு வண்ணமும் அடித்துவிட்டது.

அப்புறம், பாம்புப் புத்தகம். இந்த முறை மூன்று பிரதி வாங்கியிருக்கிறேன்.