வாசலிலும் கோயில் மரத்தடியிலும் சிமெண்டு: எங்கே தவறுகிறோம்?

கோலாலம்பூர் தாமான்களில், அதாவது வீட்டு வளாகங்களில், வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, வாசல் புல்லைச் சுரண்டிவிட்டு மதில்வரை சிமெண்டு போடுவது. கார் நிறுத்த வேண்டும், சேறு மிதிபடக் கூடாது, தேவை நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 6 மீட்டருக்கு 6 மீட்டர் வாசலில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 1,800 லிட்டர். நாற்பது வீடுகளுக்கு 72,000 லிட்டர், மொத்தமும் தெருவோர வடிகாலான ஒரே லோங்காங்கில். 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் ஆற்று வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். தெருமுனை லோங்காங் வழிவதை அதனால் தடுக்க முடியாது.

காருக்குத் தேவை இரண்டு சக்கரத் தடங்கள்தான். 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டை போட்டு, நடுவிலும் ஓரத்திலும் புல்லை விடுங்கள். புல்தரை சிமெண்டைவிட 2, 3 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். புல்லைச் சுற்றி மேடாகக் கரை கட்டினால், தண்ணீர் மண்ணைத் தொடாமலே ஓடிவிடும்.

பள்ளம் விட்டால் ஏடிஸ் கொசு வருமே என்ற பயம் சரியானது. கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். அதனால் முதலில் சோதித்துவிடுங்கள்: 30 சென்டிமீட்டர் குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். 24 மணி நேரத்தில் வற்றினால் அங்கே மழைநீரை இறக்கலாம். வற்றாத களிமண்ணில் பள்ளமே வேண்டாம்.

எங்களுக்கு அதிகம் மனம் வலிப்பது கோயில் வேம்பைப் பார்க்கும்போது. சுற்றி வர வசதியாக இருக்கட்டும் என்று அடிமரத்தை ஒட்டி மேடை கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 30 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். புதைந்த அடிப்பட்டையில் ஈரம் தங்கி அழுகும். மரம் பருக்கப் பருக்க சிமெண்டு விளிம்பு பட்டையை நெரிக்கும். பாதிப்பு தெரிய சில வருடங்கள் ஆகலாம். உச்சிக் கிளை நுனிகள் காய்ந்து, இலை மெலிந்து தெரியும்போது, மேடை கட்டியது யாருக்கும் நினைவிருக்காது. மரத்துக்கு நோய் என்பார்கள்.

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது வெறும் மண் இருக்கட்டும். அதற்கு வெளியே வேரை வெட்டாமல், மெல்லிய மணல் பரப்பி, சாந்து பூசாமல் செங்கல் அடுக்குங்கள்; நடக்கவும் வசதி, இடுக்கு வழியே தண்ணீரும் இறங்கும். விளக்கு வைக்கும் இடமும் அந்த வட்டத்துக்கு வெளியேதான். எண்ணெய் ஊறிய மண் தண்ணீரை உள்ளே விடாது. பழைய மேடையை உடைப்பதானால் இயந்திரம் வேண்டாம். கை உளியால் கொத்தி, அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் கண்ணில் படும்வரை மண்ணை அள்ளுங்கள்.

மின்கம்பிக்குக் கீழே மா, பலா நடாதீர்கள், கறிவேப்பிலை போதும். கம்பியைத் தொடுகிறது என்று வளர்ந்த மரத்தை மொட்டையடித்தால், வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பட்டையோரத்தில் மட்டுமே பிடித்திருக்கும், அடுத்த புயல்காற்றில் கார்மேல் விழுவது அவைதான். முழுக் கிளையை எடுப்பதானால், அது மரத்தோடு சேரும் தடித்த வளையத்துக்குச் சற்று வெளியே அறுங்கள். வளையத்தையும் சேர்த்து அறுத்தால் புண் மூடாது.