மாலத்தீவில் ஆசிரியர் வேலையா? முதலில் படகு வரும் நாளைக் கேளுங்கள்

கீழக்கரைப் பக்கமிருந்து மாலத்தீவுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள், தீவில் இறங்கியதும் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: தலைநகர் மாலேயிலிருந்து சரக்குப் படகு என்றைக்கு வரும்? காய்கறியில் பெரும்பகுதி இறக்குமதி. படகு வந்த அன்று மாலையே கடைக்குப் போனால் விறைப்பான முட்டைக்கோசு கிடைக்கும். நான்கு நாள் கழித்துப் போனால் சுருங்கிய தக்காளியும் முளைவிட்ட வெங்காயமும்தான். தொழுகை நேரத்தில் கடையைச் சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

மீனுக்குக் குறைவில்லை. ஆனால் நம் கரையைப் போல இன்று நகரை மீன், நாளை விளைமீன் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சூரைதான். முதல் மாதம் எனக்கு வெறுத்தே போனது. நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடும் சூரைதானே என்று பிறகுதான் உறைத்தது! அவர்கள் காலையில் சாப்பிடும் மஸ்ஹுனியில் உதிர்த்த சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு. ஏறக்குறைய நம் மாசிச் சம்பல். நான் அதைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டேன்; பக்கத்து வீட்டார் சிரித்தார்கள்.

பெட்டியில் அரிசி சுமக்காதீர்கள், அங்கேயே கிடைக்கும். புளி, பெருங்காயம், வீட்டில் அரைத்த மீன்குழம்புத் தூள் போதும். தூளை இரண்டு உறைகளில் கட்டுங்கள். என் வெள்ளைச் சட்டைகள் மஞ்சளாகத்தான் போய்ச் சேர்ந்தன.